கொடுவாவைத் தேடி மறுபடியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, அலமாரியின் மேல் தூசி படிந்து கிடந்த தகரப் பெட்டியைக் கீழே இறக்கினோம். யாங்கோனை விட்டுப் புறப்பட்ட நாளில் சான்றிதழ் உறையோடும் இரண்டு மாற்றுடையோடும் நாம் எடுத்து வந்த பெட்டி அது. உள்ளே தூண்டில் சாமான்கள். "அரிசி வைக்க இடமில்லாத பையில் இது எதற்கு?" என்று அன்று வீட்டார் கேட்டார்கள். விடை சொல்லத் தெரியாமல் நின்றோம். கிள்ளானுக்கு வந்து சேர்ந்த பிறகும், வாடகைக்குப் பணம் முட்டிய ஒரு மாதத்தில், ரீலை மட்டுமாவது விற்றுவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. விலை படியாததால் அது தப்பியது.

அடையாள அட்டை, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவச் செலவு என்று எழுதிவரும் இப்பகுதியில் இந்த வாரம் மீன்பிடிப்பைப் பற்றி எழுதுகிறோம். வாசக அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். எழுதக் காரணம் உண்டு.

யாங்கோனில் எங்களைப் படகில் ஏற்றிச் செல்லும் பெரியவர் ஒருவர் இருந்தார், இன்னும் இருக்கிறார். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டலாவைச் சேர்ந்தவர். அவருடைய இளைய மகன் இப்போது நாம் இருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓர் அறையில் நால்வரோடு தங்கியிருக்கிறான். வயது இருபத்து நான்கு. பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயது வரையுள்ள ஆண்களைப் படைக்கு அழைக்கும் சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பின் ஊரை விட்டவர்களில் அவனும் ஒருவன். அன்று வீட்டுக்கு வந்தவன், "சயா, அப்பா படகுக்கு மறுபடியும் தார் பூசிவிட்டாராம். மறுபடி எப்போது கொடுவாவுக்கு வருவீர்கள் என்று உங்களைக் கேட்கச் சொன்னார்" என்றான்.

எப்போது என்று நாம் எப்படிச் சொல்வது? ஆனால் படகுக்குத் தார் பூசியவருக்கு, "தூண்டில் என்ன நிலையில் இருக்கிறதென்று பார்க்கவில்லை" என்று பதில் அனுப்புவது முறையாகாது. ஆகவே பெட்டியை இறக்கினோம்.

இளைய வாசகர்களுக்குக் கொடுவாவை முதலில் அறிமுகப்படுத்த வேண்டும். தமிழில் கொடுவா என்றும் கொடுவாய் என்றும் சொல்கிறோம். பர்மியர் ககடிட் என்பார்கள், வங்காளத்தில் பேட்கி, சிங்களத்தில் மோதா, இங்கே மலாய்க்காரர் சியாக்காப் என்கிறார்கள், ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி. பாரசீக வளைகுடாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடகரை வரை கழிமுகந்தோறும் வாழும் மீன் இது. பெரிய வாய், துருத்திய கீழ்த்தாடை, கூன் விழுந்தாற்போன்ற முதுகு, விளக்கொளி பட்டால் கனன்று மின்னும் கண்.

அதன் வாழ்க்கை வினோதமானது. கழிமுகத்தின் உப்புநீரில் முட்டையிடும். குஞ்சுகள் சதுப்புநிலங்களுக்கும் நன்னீருக்கும் ஏறிச் சென்று வளரும். வளர்ந்தபின் இனம் பெருக்க மறுபடியும் உப்புநீருக்கு இறங்கும். பெரும்பாலானவை ஆணாகவே முதிர்ந்து, ஆறேழு வயதுக்குப் பிறகு, ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீளத்தைக் கடக்கும் பருவத்தில், பெண்ணாக மாறுகின்றன. ஆதலால் மிகப் பெரிய கொடுவா என்றால் அது தாய்மீன் என்றே கொள்ளலாம். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் இம்மீனை வளர்ப்பிடத்திலேயே முட்டையிடச் செய்தது. தாய்லாந்துக்காரர்கள் அதற்கு முன்பே, 1970களின் தொடக்கத்தில், அதைச் செய்துவிட்டார்கள். இன்று இங்குள்ள சந்தையில் நாம் வாங்கும் சியாக்காப்பில் பெரும்பகுதி அப்படி வளர்க்கப்பட்டதே. ஆற்றுக் கொடுவாவைத் தூண்டிலில் பிடித்தவருக்கு வளர்ப்பு மீனின் சுவை சற்று மட்டமாகத் தோன்றலாம். அது நாக்கின் குறையா நினைவின் குறையா என்று நாம் வாதாட வரவில்லை.

இனி, நாம் தவறவிட்ட மீனின் கதைக்கு வருவோம்.

2020ஆம் ஆண்டு தை அமாவாசைக்கு மறுநாள், சனிக்கிழமை. விடியுமுன் பான்சோடான் துறையில் ஏறி டலாவுக்குச் சென்று, அங்கிருந்து பெரியவரின் படகில் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு இறங்கினோம். யாங்கோன் நகரம் கடலிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆயினும் ஆறு கடலின் சொற்படியே நடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருஓத நாள்களில் நீர்மட்டம் ஏறத்தாழ ஐந்து மீட்டர் ஏறி இறங்கும். அட்டமியை ஒட்டிய சிற்றோத நாள்களில் அதில் பாதியளவே. பெருஓதத்தில் நீர் சேற்றைக் கலக்கிக்கொண்டு குதிரைபோல் ஓடும். ஈயம் தரையில் நிற்காது. மீனுக்கு இரை தெரியாது.

"சயா, எட்டு நாள் பொறுத்து அட்டமிக்கு வாருங்கள். தண்ணீர் அடங்கியிருக்கும்" என்று பெரியவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நமக்கோ அந்த ஒரு சனிக்கிழமைதான் ஓய்வு. பள்ளியில் ஆண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பிடிவாதமாகப் போனோம்.

நண்பகலுக்குச் சற்று முன், ஓதம் இறங்கி நீர் தயங்கி நின்ற அரைமணி நேரத்தில், ஒரு சௌங்கின் வாயில் உயிர் இறாலைக் கோத்து இறக்கினோம். ஆற்றில் வந்து விழும் சிற்றோடையைத்தான் பர்மிய மொழியில் சௌங் என்கிறோம். வயலிலும் சதுப்பிலும் ஏறிய நீர் வடியும்போது, சின்ன இறாலும் மடவைக் குஞ்சும் அதோடு வெளியே வரும். கொடுவா வாயிலில் காத்து நிற்கும். அன்றும் நின்றது. இழுத்த இழுப்பில் படகின் முனை திரும்பியது. இரண்டு முறை நீருக்கு மேலே எழும்பித் தலையை உலுக்கியது. ஆறேழு கிலோ இருக்கும். இரண்டாம் முறை விழுந்ததும் கை இலேசாயிற்று.

தூண்டில் முள்ளைக் கட்டித் தந்தவர் பெரியவர். "முடிச்சு அவிழ்ந்துவிட்டது. இத்தனை வருடம் ஆற்றில் இருந்தும் ஒரு முடிச்சைச் சரியாகப் போடத் தெரியவில்லையே!" என்று சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. துடுப்பை எடுத்துக்கொண்டார். கரை சேர்ந்த பிறகு, "அட்டமிக்கு வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். பரீட்சை முடியட்டும் என்றோம். பரீட்சை முடிவதற்குள் தொற்றுநோய் வந்தது. அது ஓய்வதற்குள் 2021 பிப்ரவரி முதல் நாள் வந்தது. அதற்குப் பிறகு நடந்தவை இப்பத்திரிகையைப் படிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

அந்தச் சொல்லை நாம் மறந்திருந்தோம். மீனை மறக்கவில்லை, அதைத் தவறவிட்டவர் பெரியவர் என்பதையும் மறக்கவில்லை, ஆனால் அவரைக் கடிந்துகொண்டோம் என்பதை மறந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து, தம்பியும் நாமும் பாயில் சாமான்களைப் பரப்பினோம். ரீலில் அந்த நாளின் நரம்பு அப்படியே சுற்றியிருந்தது. அதன் முனையைத் தம்பி விரலால் தடவிப் பார்த்தான். பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். "சயா, இது அவிழ்ந்த நரம்பு இல்லை. தேய்ந்து அறுந்த நரம்பு" என்றான்.

தூண்டில் பழகுவோர் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய பாடம் இது. மீன் தப்பிவிட்டால் நரம்பின் முனையைப் பார்க்க வேண்டும். முனை பன்றிவால்போல் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது என்று பொருள். முனையும் அதற்கு மேலே ஒரு சாண் தூரமும் சொரசொரப்பாகவும் வெளுத்தும் இருந்தால், எதிலோ உரசித் தேய்ந்து அறுந்திருக்கிறது என்று பொருள். சொரசொரப்பே இல்லாமல் சட்டென்று முடிந்திருந்தால், கத்தி போன்ற எதுவோ வெட்டியிருக்கிறது, அல்லது தாங்குதிறனுக்கு மேல் இழுத்திருக்கிறோம். நமது நரம்பின் முனை சுருண்டிருக்கவில்லை. ஒரு சாண் தூரத்துக்கு மேல் வெளுத்துச் சொரசொரத்திருந்தது. முள்ளுக்கு மேலே கட்டியிருந்த துண்டின் நீளமும் ஒரு சாணுக்குமேல் குறைந்திருந்தது. பெரியவரின் முடிச்சு, முள்ளோடும் மீனோடும் கெட்டியாகவே போயிருக்கிறது.

தவறு எங்கே? கொடுவாவுக்குச் சுறாவைப்போல் வெட்டும் பல் இல்லை. வாயின் உட்புறம் அரத்தைப்போல் இருக்கும். செவுள்மூடியின் விளிம்பு சவரக்கத்திபோல் இருக்கும். அது தலையை உலுக்கும் ஒவ்வொரு முறையும் நரம்பு அவற்றில் உரசும். அதற்காகவே முள்ளுக்கு மேலே ஒரு மீட்டர் நீளத்துக்குத் தடித்த நரம்பு கட்டுவார்கள். கடைக்காரர்கள் இதை லீடர் என்பார்கள். பெரியவர் தடித்த தங்கூசி நரம்பைத்தான் நீட்டினார். "தடிப்பாக இருந்தால் மீனுக்குத் தெரியும்" என்று எங்கோ படித்ததைச் சொல்லி, மெல்லிய நரம்பைக் கொடுத்துக் கட்டச் சொன்னவர் நாமே. சேற்று நீரில் மீனுக்கு எந்த நரம்பு தெரியப்போகிறது? நாளைத் தேர்ந்ததும் நாம். நரம்பைத் தேர்ந்ததும் நாம். பழி மட்டும் முடிச்சுக்குப் போயிற்று.

இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் சிரித்தான். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவே பெரியவரோடு பேச முயன்றோம். தொடர்பு அறுந்து அறுந்து மூன்றாம் நாள்தான் கிடைத்தது. செய்தியைச் சொல்லி, அன்று கடிந்துகொண்டதற்காக வருந்துகிறோம் என்றோம். மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. தொடர்பு போய்விட்டதென்றே நினைத்தோம். பிறகு, "எனக்கு அன்றைக்கே தெரியும், சயா. முனையைப் பார்த்தேன்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "நீங்கள் மீனை இழந்த வருத்தத்தில் இருந்தீர்கள். அட்டமிக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்." பிறகு மகன் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானா என்று கேட்டார்.

வாசக அன்பர்களே, மறுபயணத்துக்கான முதல் ஆயத்தம் எது என்பதை இதிலிருந்து அறிந்துகொண்டோம். முதற்பயணத்துக்குப் போகிறவன் கடைக்குப் போகிறான். மறுபயணத்துக்குப் போகிறவன் முதலில் அறுந்த முனையைப் பார்க்க வேண்டும். சென்ற முறை எது தவறியது, யார் கையால் தவறியது என்று பாராமல் புதுச் சாமான் வாங்கினால், பழைய தவறைப் புது நரம்பில் கட்டிக்கொண்டு போவோம். ஊருக்குத் திரும்பும் நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம்மில் சிலர், யார் நம்மைக் கைவிட்டார்கள், எந்த அண்டை வீட்டார் பேசாமல் இருந்தார்கள் என்ற பட்டியலை வைத்திருக்கிறோம். பட்டியலில் உண்மையும் இருக்கும். ஆனால் எடுத்துப் போகுமுன் ஒரு முறை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இனிச் சாமான்களைச் சீர்செய்த விதத்தைச் சொல்கிறோம். கடலோர ஊர்களில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு இது இப்போதே பயன்படக்கூடும்.

முதலில் நரம்பு. தங்கூசி என்னும் நைலான் நரம்பு வெயிலாலும் ஈரத்தாலும் வலுவிழக்கும். ஆண்டுக்கணக்கில் சுற்றிக் கிடந்ததை இரக்கமின்றி எறிந்துவிட வேண்டும். நாமும் எறிந்தோம்; அறுந்த முனையுள்ள ஒரு முழத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டோம். அதற்குப் பதில் 13 கிலோ தாங்கும் பின்னல் நூலைச் சுற்றுவதாக இருக்கிறோம். அடியில் சிறிது நைலானைச் சுற்றி அதன்மேல் பின்னல் நூலைச் சுற்றினால், நூல் உருளையில் வழுக்காது. லீடருக்கு 20 முதல் 27 கிலோ வரை தாங்கும் தடித்த நைலான், ஒரு மீட்டருக்குக் குறையாமல். ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் லீடரை விரல்நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். சொரசொரத்தால் அந்த இடத்துக்கு மேலே வெட்டிவிட்டு மறுபடி கட்ட வேண்டும். சிக்கனம் பார்க்கும் இடம் அதுவன்று.

இரண்டாவது முள். பெட்டியிலிருந்த பன்னிரண்டில் ஒன்பது துருவேறியிருந்தன. மேல்துரு மட்டும் என்றால் தேய்த்து எடுக்கலாம். கூர்முனையில் துரு தின்றிருந்தால் தூக்கி எறிவதே நல்லது. கூர்மையைச் சோதிக்கக் கட்டைவிரல் நகத்தின்மேல் முனையை வைத்து மெல்ல இழுக்க வேண்டும். வழுக்கினால் மழுங்கியது, பற்றினால் கூரியது. சிறு அரம் ஒன்று இருந்தால் மழுங்கியதைக் கூராக்கலாம். கொடுவாவின் வாய் கெட்டி. மழுங்கிய முள் அதில் ஏறாது.

மூன்றாவது ரீல். கடல்நீர் பட்ட ரீலை அன்றே நன்னீரில் அலசியிருக்க வேண்டும். அன்று மனக்கசப்பில் அதைச் செய்யவில்லை, உப்புப் பூத்திருந்தது. திறந்து, துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயைத் துளித்துளியாக விட்டோம். மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் பிடிமானத்தை எப்போதும் தளர்த்தி வைத்தே பெட்டியில் வைக்க வேண்டும். இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கும் வட்டத் துணிகள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். நாம் இறுக்கியே வைத்திருந்தோம். பயணத்தன்று அந்தப் பிடிமானத்தை நூலின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் வைக்க வேண்டும். 13 கிலோ நூலுக்கு மூன்று முதல் நான்கு கிலோ. கையால் இழுத்து மதிப்பிடாமல், கொக்கித் தராசில் மாட்டி இழுத்துப் பார்ப்பது நம்பகமானது.

நான்காவது முடிச்சு. பெரியவர் போடும் முடிச்சைத் தம்பி நமக்குக் கற்றுக்கொடுத்தான். நரம்பை ஒரு சாண் நீளத்துக்கு இரட்டையாக மடித்து, மடிப்பை முள்ளின் துளை வழியே நுழைக்க வேண்டும். நுழைந்த இரட்டை நரம்பால் சாதாரணமான ஒற்றை முடிச்சைத் தளர்வாகப் போட வேண்டும். மடிப்பின் கண்ணுக்குள் முள்ளை முழுவதும் நுழைத்து வெளியே எடுக்க வேண்டும். பிறகு எச்சிலாலோ நீராலோ நனைத்து மெல்ல இறுக்க வேண்டும். நனைக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நைலான் வலுவிழக்கும். ஐம்பது வயதைக் கடந்த நாம் இருபத்து நான்கு வயதுப் பிள்ளையின் முன் பாயில் அமர்ந்து ஒன்பது முறை தவறாகப் போட்டோம். நாம் மாணவர்களைக் கடிந்ததுபோல் அவன் நம்மைக் கடியவில்லை. பத்தாம் முறை நின்றது.

சாமான்கள் ஆயத்தமாகிவிடும். மனத்தை எப்படி ஆயத்தம் செய்வது?

தவறிய மீனைப் பிடித்தே தீர்வது என்று போகக்கூடாது. அந்த மீன் இன்று அங்கே இல்லை. இருந்தாலும் அது பழைய மீன் அன்று. உயிரோடிருந்தால் இந்நேரம் பெண்ணாகி, பல இலட்சம் முட்டை இட்டிருக்கும். ஆறும் பழைய ஆறன்று. 2008 மே மாதத்தில் நர்கிஸ் புயல் கடந்த பின், தாம் சிறுவயது முதல் அறிந்திருந்த சௌங் வாய்கள் சில இடம் மாறிவிட்டன என்று பெரியவர் சொல்வதுண்டு. பழைய இடத்திலேயே நின்று பழைய மீனைத் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்களாம். அவர் படகை மெல்ல ஓட்டி, நீர் எங்கே வடிகிறது, மடவை எங்கே துள்ளுகிறது என்று புதிதாகப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். திரும்பிப் போகிறவர் தெரிந்த இடத்துக்குப் போகிறோம் என்று எண்ணாமல், தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று எண்ணிப் போவது நல்லது.

இன்னொன்று, நாளைத் தேர்வது. நமக்கு வசதியான நாள் வேறு, ஆற்றுக்கு இசைந்த நாள் வேறு. ஓதத்தை யாரும் விரைவுபடுத்த முடியாது. ஆனால் அது தவறாமல் வரும். அட்டமிக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள்கள், ஓதம் இறங்கும் கடைசி இரண்டு மணி நேரமும் திரும்பி ஏறும் முதல் ஒரு மணி நேரமும் என்பது பெரியவரின் கணக்கு. மழை மாதங்களில் மீன் இனம் பெருகுவதற்கான தடைக்காலம் உண்டு. அதைக் கேட்டறிந்தே போக வேண்டும். கரையின் சேற்றில் கால் வைக்கக்கூடாது, இடுப்பளவு இழுத்துக்கொள்ளும். மிதவைச் சட்டை இல்லாமல் படகில் ஏறக்கூடாது.

பிடித்தால் என்ன செய்வது என்பதையும் புறப்படுமுன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். மீன் கையில் வந்த பிறகு மனம் நியாயம் பேசாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கொடுவாவையும் நீரில் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். குஞ்சை விடுவதன் காரணம் எல்லோருக்கும் தெரியும். பெரியதை விடுவது அது தாய் என்பதால். நமக்கு அச்சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு குடும்பத்துக்கு ஒரு நடுத்தர மீன் போதும் என்று நாமும் தம்பியும் பேசி முடிவு செய்திருக்கிறோம். பிடிக்காத மீனைப் பங்கிடுகிறோமே என்று வீட்டில் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் ஒரு கேள்வி இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. போக முடியுமா? நம் முன்னோர் 1942இல் கால்நடையாகப் புறப்பட்டார்கள். போர் முடிந்ததும் சிலர் திரும்பினார்கள். பலர் வழியிலேயே மாண்டார்கள். 1964இல் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையான பின் கப்பலேறியவர்களில் மிகப் பலர் திரும்பவே இல்லை. அவர்களுக்காகச் சென்னைக் கடற்கரைச் சாலையில் 1969இல் உண்டான கடைவரிசை பர்மா பஜார் என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது. திரும்பியவர்களையும் அறிவோம், திரும்பாதவர்களையும் அறிவோம். நாம் எந்த வரிசையில் சேர்வோம் என்பதைச் சொல்ல இப்பகுதியை எழுதுபவருக்கு அதிகாரம் இல்லை. தம்பிக்கோ, அந்தச் சட்டம் இருக்கும்வரை போவது என்ற பேச்சே இல்லை.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று வாழ்கிறோமே என்று சிலர் வருந்துகிறார்கள். பெட்டியை விற்றுவிட்டு இங்கேயே மனத்தை ஊன்றுவதா, பெட்டியைப் பார்த்துக்கொண்டே நாளைக் கழிப்பதா என்று கேட்கிறார்கள். நமக்குத் தோன்றுவது இதுதான்: பெட்டியைத் துடைத்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளதை இங்கேயே பழகலாம். இவ்வூரில் கட்டணம் கட்டிச் சியாக்காப் பிடிக்கும் குளங்கள் இருக்கின்றன. கூலி கிடைத்த வாரத்தில் மாதம் ஒரு முறை அங்கே போவதென்று தம்பியும் நாமும் பேசியிருக்கிறோம். நம் பாடசாலையில் படிக்கும் பிள்ளைகளில் நால்வர் தாங்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஓதம் ஏறி இறங்கும் ஆற்றை அவர்களில் இருவர் பார்த்ததே இல்லை. வருகிறவர்கள் அட்டையை மறவாமல் எடுத்து வரவேண்டும். இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும். முடிச்சைத் தம்பி சொல்லிக்கொடுப்பான். அறுந்த முனையைப் பார்க்கும் விதத்தை நாம் சொல்லிக்கொடுப்போம். அதற்காகத்தான் அந்த ஒரு முழ நரம்பை வைத்திருக்கிறோம்.

பெரியவருக்குப் பதில் அனுப்பிவிட்டோம். நாள் சொல்லவில்லை. "முள் கூராக்கியாயிற்று. ரீலுக்கு எண்ணெய் விட்டாயிற்று. லீடர் நீங்கள் சொன்ன தடிப்பில்தான். வரும்போது அட்டமி பார்த்து வருகிறோம்" என்று எழுதினோம்.

நேற்றுத் தம்பியின் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. தார் காய்ந்த படகு, கரையில் கவிழ்த்துப் போட்டபடி இருந்தது. படத்தின் கீழே பெரியவர் ஒரே வரி எழுதியிருந்தார்: வெயிலுக்கு முன் ஒரு பூச்சு, மழைக்கு முன் இன்னொரு பூச்சு கொடுப்பாராம்.